காகிதத்தில் ஒட்டாத கெட்ஸல்

சோடாக்காரர் கெட்ஸல் வைன்சாஃப்ட்டின் பெயர் எந்தக் காகிதத்திலும் ஒட்டாது. பேனாவால் எழுதினாலும் சரி, தட்டச்சில் அடித்தாலும் சரி, மை காய்வதற்குள் போய்விடும். பிறந்த ஊர் இருக்கும், தொழில் இருக்கும், உயரம், கண்ணின் நிறம், விழுந்துபோன பற்கள் எல்லாம் இருக்கும். பெயருக்கு விட்ட இடம் மட்டும் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே வெள்ளையாக இருக்கும். போர் முடிந்து, மிஞ்சியவர்களை எல்லாம் வாரிக்கொண்டு வந்து ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு பழைய குதிரைப்படைக் கொட்டடியில் அமெரிக்கர்கள் கொட்டியபோது, எங்களில் குறை இல்லாதவர் யாரும் இல்லை. ஒருவர் ரொட்டித் துண்டைத் தலையணைக்கு அடியில் வைக்காமல் படுக்கமாட்டார். இன்னொருவர் பூட்ஸ் சத்தம் கேட்டால் மேசைக்கு அடியில் போய்விடுவார், அது தன்னுடைய பூட்ஸாகவே இருந்தாலும். ஆகவே கெட்ஸலுக்குப் பெயர் ஒட்டாது என்பதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்துக்காரர்கள்தான் மனம் உடைந்துபோனார்கள். ஐரோப்பா முழுக்க எரிந்து சாம்பலானதில் கலங்காதவர்கள்கூட ஒரு படிவத்தில் காலி இடத்தைப் பார்த்ததும் கலங்கினார்கள்.

இதற்கெல்லாம் காரணம் அவருடைய அக்கா ஹென்யா. பாசம்தான் காரணம் என்றும் சொல்லலாம். பாசத்தால் கெட்ட காரியங்கள் உலகத்தில் கொஞ்சமா என்ன? எங்கள் யூத ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு நோய் முற்றிப்போய் மருத்துவர் கையை விரித்துவிட்டால், தொழுகைக்கூடத்துக்குப் போய் அவருடைய பெயரை மாற்றிவிடுவோம். மரண தூதர் என்பவர் ஒரு அதிகாரி. கையில் உத்தரவோடு வருவார். உத்தரவில் உள்ள பெயரில் அந்த வீட்டில் ஆள் இல்லை என்றால் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய்விடுவார். அதிகாரிகளின் அறிவைப் பற்றி எங்கள் முன்னோர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆனால் புதுப் பெயர் ஆளோடு ஒட்ட முப்பது நாள் ஆகும். முப்பது நாளும் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அதற்குள் வேறு பெயரைத் தொடக் கூடாது. போலந்தில், ஜெர்மானியர்கள் எங்களை அடைத்துப்போட்ட தெருக்களுக்குள் நச்சுக்காய்ச்சல் பரவிய குளிர்காலத்தில் கெட்ஸல் படுத்தார். ஹென்யா ஓடிப்போய் ஹாயிம் என்று பெயர் வைத்துவிட்டு வந்தாள். வாரம் முடிவதற்குள் காய்ச்சல் மறுபடி ஏறியது. பொறுமை என்பது அந்தக் குடும்பத்துக்கே கிடையாது. உடனே ஆல்ட்டர் என்று மாற்றினாள். அப்புறம் ரஃபேல். அப்புறம் ஹிஸ்கியா. ஒவ்வொரு பெயரும் செருப்பைக் கழற்றி உட்காருவதற்கு முன்பே எழுப்பி வெளியே அனுப்பப்பட்டது. ஐந்தாவது பெயர் என்ன என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் இறங்கியது. கெட்ஸல் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டார். அவர் மேல் எந்தப் பெயரும் குடியிருக்கவில்லை, பழையதும் சேர்த்து.

இதனால் வந்த லாபத்தையும் சொல்லத்தானே வேண்டும். ஜெர்மானியர்கள் பட்டியல் இல்லாமல் ஒரு பாவமும் செய்யமாட்டார்கள். கொலை முகாமுக்கு ரயில் ஏற்றுவதற்கான பட்டியல் வந்தது. கெட்ஸலின் வரி காலியாக இருந்தது. அவருடைய மனைவி ட்வோராவின் பெயர் இருந்தது, மூத்தவள் இத்தாவின் பெயர் இருந்தது, சின்னவள் பெயர் இருந்தது, பாசக்கார ஹென்யாவின் பெயரும் இருந்தது. அவர்கள் பெயர்கள் எல்லாம் காகிதத்தில் அருமையாக ஒட்டின. நல்ல தரமான மை. கெட்ஸல் நிலையத்துக்கு ஓடிப்போய் தன்னையும் எழுதிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார். அதிகாரி பட்டியலை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தார். எழுதியும் பார்த்தார், இரண்டு முறை. எழுதியது நிற்கவில்லை. பெயர் இல்லாதவனை ஏற்றினால் கணக்கு உதைக்கும் என்று அவரைப் பிடரியைப் பிடித்து வரிசைக்கு வெளியே தள்ளினார். சட்டம் என்றால் சட்டம் அல்லவா? அதற்குப் பிறகு வந்த எந்தப் பட்டியலிலும் கெட்ஸல் விழவில்லை. தெருக்கள் காலியாகின, காவலர்கள் அவரைப் பார்த்தார்கள், பட்டியலைப் பார்த்தார்கள், இப்படி ஒருவன் இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு நடந்தார்கள். போர் முடியும்வரை இல்லாமலேயே இருந்தார். அதிர்ஷ்டக்காரர் என்று முகாமில் சிலர் அவரைச் சொன்னதுண்டு. ஒரு முறைதான் சொன்னார்கள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு மறுமுறை சொல்லவில்லை.

முகாமில் அவர் சோடாக் கடை போட்டார்; கெட்ஸல் என்று கூப்பிட்டவர் சிலர், வெறும் சோடாக்காரர் என்று கூப்பிட்டவர் பலர். உடைந்த தீயணைப்புக் கருவி ஒன்றையும் ராணுவக் குழாய்களையும் வைத்து ஒரு இயந்திரம் செய்தார். சமையலறையிலிருந்து வாங்கிய ராஸ்பெரி ஜாமைக் கரைத்துப் பாகு காய்ச்சினார். சமையலறையை ஆண்டவள் ஸ்லவா. ஆண்டவள் என்றுதான் சொல்ல வேண்டும். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள்; எங்கள் முகாமில் சட்டியில் இருந்தாலும் ஸ்லவா மனம் வைத்தால்தான் அகப்பையில் வரும். பிடித்தவனுக்கு அடியிலிருந்து அள்ளுவாள், உருளைக்கிழங்கும் பார்லியும் கறித்துண்டும் விழும். பிடிக்காதவனுக்கு மேலாக ஒரு அகப்பை வெந்நீர். அவள் விதவை, ஆனால் விதவை என்று ஆவதற்கே படாதபாடு பட்டவள். கணவன் காட்டில் சுடப்பட்டதைக் கண்ணால் கண்ட சாட்சி இல்லாமல் அவளை மறுமணத்துக்கு விடமுடியாது என்று எங்கள் மதகுரு ரப்பி யெஹியேல் சொல்லிவிட்டார். லட்சக்கணக்கில் செத்த இடத்தில் ஒரு சாவுக்குச் சாட்சி தேடி அவள் முகாம் முகாமாக லாரி ஏறினாள். கடைசியில் கண்டுபிடித்த ஆள், "ஆமாம்மா, பாத்தேன், என் பக்கத்துலதான் விழுந்தான்" என்று சொன்னபோது அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு எழுதிக் கையெழுத்துப் போடு என்றாள்.

ஜாம் வாங்க வந்த கெட்ஸலும் ஜாம் கொடுத்த ஸ்லவாவும் எப்படிப் பேசிப் பழகினார்கள் என்பது உலகத்துக்கே தெரியும், ஏனென்றால் எங்கள் முகாமில் ஒரு கொட்டடிக்கும் அடுத்த கொட்டடிக்கும் நடுவில் தொங்கியது ஒரு போர்வை. அவள் திட்டுவாள், அவர் சிரிப்பார். அந்த ஆள் சிரித்து நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. கல்யாணம் என்று பேசி முடித்து, ஸ்லவா தன் தம்பிக்குக் கடிதம் போட்டாள். ஸ்லவாவின் தம்பி போருக்கு முன்பே உருகுவே நாட்டுக்குப் போய் மோண்டேவீடியோவில் பொத்தான் வியாபாரம் செய்துகொண்டிருந்தான். அக்காவுக்கும் அவள் கணவனுக்கும் குடியேற அனுமதி வாங்கியிருப்பதாகவும், அடுத்த கோடைக்குள் வந்துவிட வேண்டும், கணவன் பெயரை உடனே தெரிவிக்கவும் என்றும் எழுதினான். அங்கேதான் சனி பிடித்தது.

நிவாரண அலுவலகத்தில் மிஸ் ப்ளங்கெட் என்று ஒரு அம்மா இருந்தார். நல்லவர், குளிப்பாட்டிய குழந்தை மாதிரிச் சுத்தமானவர், எங்களைப் பார்த்து அடிக்கடி கண் கலங்குவார், படிவம் முழுமையாக இல்லாவிட்டால் இன்னும் அதிகமாகக் கலங்குவார். கெட்ஸலின் பெயரைத் தட்டச்சில் அடித்தார். போய்விட்டது. ரிப்பனை மாற்றினார். அதுவும் போய்விட்டது. தட்டச்சு இயந்திரத்தையே மாற்றினார். கடைசியில், பிறந்ததற்கான சான்று கொண்டுவந்தால் தன் அலுவலகம் அடையாள அட்டை தரும் என்றார். சான்று தர வேண்டிய ஊர் இப்போது இல்லை. உள்ளூர் ஜெர்மன் நகராட்சிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த எழுத்தர் போருக்கு முன்பும் அதே மேசை, போரிலும் அதே மேசை, போருக்குப் பின்பும் அதே மேசை. சுவரில் அவர்கள் தலைவனின் படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் காலியாக இருந்தது. அவர் ஆராய்ந்து பார்த்து, இந்த நபர் இறந்ததாக எங்கும் பதிவு இல்லை என்று ஒரு சான்று கொடுத்தார். இறந்ததாகப் பதிவு இல்லை என்றால் உயிரோடு இருப்பதாக எழுதித் தரலாமே என்று கெட்ஸல் கேட்டார். "பிறந்ததாவும் பதிவு இல்லையே, ஐயா" என்றார் எழுத்தர் மிகுந்த மரியாதையோடு. போரில் தோற்ற பிறகு அவர்களுக்கு மரியாதை நன்றாக வந்திருந்தது. அந்தச் சான்றையும் கொண்டுபோய் உருகுவே தூதரகத்தில் கொடுத்தால், இது யாரைப் பற்றிய சான்று என்று கேட்டார்கள், பெயர் இருந்த இடம் காலி. இப்படி ஒரு குளிர்காலம் முழுக்கக் கெட்ஸல் வரிசையில் நின்றார்.

பனி உருக ஆரம்பித்ததும் ஸ்லவா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரப்பியிடம் போனாள். ரப்பி யெஹியேல் குதிரைக்குத் தீவனம் வைக்கும் தொட்டிமேல் உட்கார்ந்து படிப்பவர். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "பேரு மாத்தினது தப்பில்ல. முப்பது நாள் பொறுக்காததுதான் தப்பு. உங்க அக்காவ என்ன சொல்ல!" என்றார். ஒரே பெயரைச் சொல்லி முப்பது நாள் எல்லாரும் கூப்பிட்டால் அது ஒட்டிக்கொள்ளும், இடையில் ஒரு ஆள்கூட வேறு பெயர் சொல்லக் கூடாது என்றார். பிறகு தாடியைச் சொறிந்துகொண்டு, நாங்கள் மரியாதைக்குச் சேர்க்கிற 'ரெப்' போட்டுச் சொன்னார். "ஒண்ணு மட்டும் யோசிச்சுக்குங்க, ரெப் கெட்ஸல். நம்ம கண்ணுக்குத் தெரியுற பேரு அவரு கண்ணுக்கும் தெரியும். அந்தக் காய்ச்சல் சமயத்துல உத்தரவோட வந்துட்டுத் திரும்பிப் போனாரே, அவரு."

வெளியே வந்ததும் கெட்ஸல் முடியாது என்றுவிட்டார். சாவுக்குப் பயந்து சொல்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். போர்வைக்கு அந்தப் பக்கம் நடந்ததைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"என்னை எழுதிக்கோங்கன்னு ஒரு தடவ கெஞ்சிட்டேன், ஸ்லவா. கால்ல விழுந்து கெஞ்சினேன். எழுதல. என் பொண்ணுங்களோட போக விடல. இனிமே எதுக்கு எழுதணும்? எவன் பட்டியல்ல சேர்றதுக்கு?"

"அப்ப நான் யாரு கூடக் கப்பல் ஏறட்டும்? காலி எடத்து கூடயா?"

"நீ போ."

"போறேன். அங்க போயி என் தம்பி கேப்பான், மாமா எங்கன்னு. உன் மாமாவுக்கு ரோஷம் ஜாஸ்தி, செத்தவங்களுக்காகப் பேர் இல்லாம உக்காந்திருக்காருன்னு சொல்றேன். என் புருஷனும்தான் செத்தான். நான் உக்காந்தா இருக்கேன்? இந்த முகாம்ல ஆயிரம் பேருக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டு நிக்குறேன். உனக்கு ஒரு பேரு வச்சுக்கிறதுக்கு வலிக்குதா?"

அதற்குப் பிறகு அவள் அழுதாள். அந்தச் சாட்சிக்காரனுக்குப் பிறகு ஸ்லவா அழுதது அப்போதுதான். போர்வைக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீட்டாடுவது போல நடித்தோம். காலையில் கெட்ஸல் வந்து முகாம் குழுத் தலைவர் மோட்கேயிடம், தனக்குப் பெயர் வேண்டும் என்று விண்ணப்பித்தார்.

சும்மா விடுவோமா? ரொட்டி இல்லாத காலத்திலேயே எங்களுக்குக் கட்சி இருந்தது. இப்போது ரொட்டியும் இருந்தது. குழுக் கூட்டம் கூடியது. பாலஸ்தீனம் போகிற கட்சிக்காரர்கள், வைப்பதுதான் வைக்கிறோம், நல்ல எபிரேயப் பெயராக வைக்கவேண்டும் என்றார்கள். தொழிலாளர் கட்சிக்காரர்கள், சோடா விற்கிறவன் உழைப்பாளி, அவனுக்கு உழைக்கும் மக்கள் பேசுகிற இத்திஷ் மொழிப் பெயர்தான் என்றார்கள். பக்திமான்கள், ஹென்யா கடைசியாக வைத்த ஐந்தாவது பெயரைக் கண்டுபிடிக்காமல் வேறு பெயர் வைப்பது பாவம் என்றார்கள். அந்தப் பெயர் தெரிந்த ஒரே ஆள் புகையாகப் போய்விட்டாள் என்பது அவர்களைத் தடுக்கவில்லை. கெட்ஸல் மூலையில் உட்கார்ந்து, தன் பழைய பெயரே போதும் என்று சொல்லிப் பார்த்தார். சம்பந்தப்பட்ட நபர் விவாதத்தில் குறுக்கிடக் கூடாது என்று மோட்கே மணியை அடித்தார். வாக்கெடுப்பு நடந்தது, கூட்டம் உடைந்தது, மூக்கு ஒன்றும் உடைந்தது. மறுநாள் முதல் முகாமில் அவரை ஒரு கட்சி ஒரு பெயராலும் இன்னொரு கட்சி வேறு பெயராலும் கூப்பிட்டது. முன்பு பெயர் இல்லாதிருந்த மனிதர் இப்போது தெருமுனைக்குத் தெருமுனை திரும்பிப் பார்த்துக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் ஸ்லவா அகப்பையோடு நின்றாள். கிண்ணத்தை நீட்டுகிறவனிடம் ஒரே கேள்வி கேட்டாள்.

"சோடாக் கடைக்காரரு பேரு என்ன?"

கெட்ஸல் என்றவனுக்கு அடியிலிருந்து வந்தது. வேறு எது சொன்னவனுக்கும் மேலே மிதந்த தண்ணீர். பாலஸ்தீனக் கட்சியின் செயலாளர் கொள்கைக்காக இரண்டு நாள் தண்ணீர் குடித்தார். மூன்றாம் நாள், ஆழ்ந்து யோசித்துப் பார்த்ததில் கெட்ஸல் என்பதிலும் ஒரு தேசிய உணர்வு இருப்பதாகக் கண்டுபிடித்தார். தொழிலாளர் கட்சி அன்று மாலையே வந்துவிட்டது, அவர்களுக்குப் பசி அறிவியல்பூர்வமானது. பக்திமான்களைத்தான் வளைக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை இரவு முழுக்க அடுப்பில் வெந்த பயறும் கறியும் சனிக்கிழமை திறந்தபோது எழுந்த வாசனை அதையும் செய்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாக எங்கள் ஆட்களை ஒன்றுசேர்க்க எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். அகப்பையைக் கொண்டு முயன்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

முப்பது நாளும் முகாமே "கெட்ஸல்! ரெப் கெட்ஸல்!" என்று கத்திக்கொண்டிருந்தது. தேவையில்லாமலும் கூப்பிட்டார்கள், சோடா வேண்டாதவர்களும் கூப்பிட்டார்கள். மிஸ் ப்ளங்கெட் தினமும் காலையில் ஒரு தாளில் அவர் பெயரை அடித்துப் பார்ப்பார். முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை நின்றது. அடுத்த வாரம் ஓரிரண்டு எழுத்துகள் தங்கின. முப்பதாம் நாள் முழுப் பெயரும் கறுப்பாக, கல்லில் வெட்டியது போல நின்றது. எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தார், போகவில்லை. அந்த அம்மா கெட்ஸலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கெட்ஸல் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தன் அட்டையில் முதல் மனைவி பெயரும் பெண்கள் பெயரும் எழுத இடம் இருக்கிறதா என்று கேட்டார். குடும்ப விவரம் என்ற பகுதியில், இறந்தவர்கள் என்ற தலைப்பின் கீழ் எழுதினார்கள். அவையும் நின்றன. கெட்ஸல் வாய்விட்டு அழுதார், நாங்களும் அழுதோம், சொல்வதில் என்ன வெட்கம்.

திருமணத்தன்று காலையில் மரண தூதர் வந்தார். சிறகு, வாள், ஆயிரம் கண் என்றெல்லாம் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். வந்தவர் தேய்ந்த மேல்கோட்டு போட்டு, தோல்பை வைத்துக்கொண்டு, வெகுதூரம் நின்றுகொண்டே ரயிலில் வந்தவர் மாதிரி இருந்தார். கெட்ஸல் வைன்சாஃப்ட் எங்கே என்று வாசலில் கேட்டார். காவலுக்கு இருந்த எங்கள் ஆள் பழக்கதோஷத்தில் வரிசையில் நிற்கச் சொன்னான். நின்றார். மாலைவரை நின்றார். அதற்குள் கெட்ஸலும் ஸ்லவாவும் கடன் வாங்கிய பந்தலின் கீழ் நின்று, மோதிரம் போட்டு, எங்கள் வழக்கப்படி கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைத்து, ராணுவ டப்பா மீனும் ராஸ்பெரி சோடாவும் பரிமாறி முடித்துவிட்டார்கள். மரண தூதரின் முறை வந்தபோது மிஸ் ப்ளங்கெட் அவரிடம் அடையாள அட்டை கேட்டார். இல்லை. பிறந்த தேதி? இல்லை. பிறந்த நாடு? யோசித்துவிட்டு, எல்லா நாட்டிலும் வேலை பார்த்திருப்பதாகச் சொன்னார். நாடு இல்லாதவர் என்று குறித்துக்கொண்டு, கண் கலங்கி, ஒரு போர்வையும் சோப்பும் கொடுத்து முகாம் குழுவிடம் அனுப்பிவைத்தார்.

மோட்கே உத்தரவை வாங்கிப் பார்த்தார். கெட்ஸலின் பெயர் பளிச்சென்று இருந்தது. தேதி நாற்பத்திரண்டாம் ஆண்டு, குளிர்காலம்.

"இது விடுதலைக்கு முந்தி போட்ட உத்தரவுங்க. அந்தக் காலத்து உத்தரவு எதுவும் இப்பச் செல்லாது. புதுசா முத்திரை வாங்கிட்டு வாங்க."

"இது அவங்க போட்டது இல்ல. மேலிடத்து உத்தரவு" என்றார் மரண தூதர்.

"எல்லாரும் அதத்தான் சொல்றானுங்க" என்றார் மோட்கே. "பிடிபட்ட அத்தன பேரும் அதத்தான் சொல்றானுங்க, மேலிடத்து உத்தரவுன்னு."

மரண தூதர் உத்தரவை மடித்துப் பையில் வைத்தார். முத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நிவாரண அலுவலகத்தில் கேளுங்கள் என்றார் மோட்கே. அவர்கள் நகராட்சிக்கு அனுப்பினார்கள். நகராட்சி எழுத்தர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, பழைய சிநேகிதரைப் போலக் கைகொடுத்து, இப்போதெல்லாம் தன் கையில் எதுவும் இல்லை என்று வருத்தப்பட்டு, ராணுவ அலுவலகத்துக்கு வழிகாட்டினார். அங்கே இவர் மாதிரி ஒருவர் இருப்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஐரோப்பாவின் நடுவில் நின்றுகொண்டு அவரிடம் அதைக் கேட்டார்கள்! இப்படியாக அவரும் எங்களோடு முகாமிலேயே தங்கினார். ஏழாவது கொட்டடியில் கட்டில் கொடுத்தார்கள். அவர் காகிதத்துக்கு அலைந்த காலம் முழுக்க எங்கள் முகாமில் ஒரு சாவு விழவில்லை. பிறப்பு மட்டும் தாறுமாறாக நடந்தது, எந்தப் பக்கம் திரும்பினாலும் துணிக்கொடியில் குழந்தைத் துணி. மற்ற ஊர்களில் அவருடைய வேலையை யார் பார்த்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வெளியூர்க் கவலை எங்களுக்கு எதற்கு?

ஒரு நாள் அவர் சோடாக் கடைக்கு வந்து நின்றார். கெட்ஸல் ஒரு கோப்பை ஊற்றி, பாகு கொஞ்சம் தாராளமாகவே விட்டுக் கொடுத்தார். ஸ்லவா பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள், கையில் எடுத்த கோப்பையைக் கீழே வைக்கவில்லை. கெட்ஸல் வெகுநாளாக நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"எங்க ட்வோராவ, புள்ளைங்கள, நீங்கதான் வந்து கூட்டிட்டுப் போனீங்களா? பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களா?"

மரண தூதர் கோப்பையைக் குடித்துக் காலி செய்தார்.

"இல்ல. அந்த வருஷங்கள்ல என்னை யாரும் கேக்கவே இல்ல. அவங்களே பாத்துக்கிட்டாங்க. நான் போய்ச் சேர்ற எடத்துல எல்லாம் வேல முடிஞ்சிருக்கும். உங்க பொண்ணுங்களுக்கு நான் எழுதி வச்சிருந்த தேதி இன்னும் வரவே இல்ல. சின்னவளுக்கு எம்பத்தி ஒண்ணு வயசுன்னு போட்டிருக்கு. அத எப்படி அடிச்சுத் திருத்துறதுன்னு எனக்குத் தெரியல. எங்க விதிமுறைல அதுக்கு வழி எழுதல."

கெட்ஸல் தலையைப் பலகைமேல் வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஸ்லவா மரண தூதரின் கையிலிருந்த கோப்பையை வாங்கி, இன்னொரு முறை நிரப்பிக் கொடுத்துவிட்டு, "குடிச்சுட்டுப் போய்யா" என்றாள். அவர் குடித்தார். உள்ளூர்க்காரர்கள் சொல்கிற மாதிரி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கோடையில் கெட்ஸலும் ஸ்லவாவும் ஜெனோவாவில் கப்பல் ஏறினார்கள். நானும் அதே கப்பலில்தான் வந்தேன். எனக்கு உருகுவேயில் யாரும் இல்லை, ஆனால் வேறு எங்கும்தான் யார் இருந்தார்கள்? பின்னாலேயே முகாமை மூடினார்கள். மரண தூதர் எல்லா நாட்டுக்கும் விண்ணப்பம் போட்டாராம். கனடாவுக்கு மரம் வெட்டுகிறவர்கள் வேண்டியிருந்தது, பெல்ஜியத்துக்குச் சுரங்கத்தில் இறங்குகிறவர்கள், ஆஸ்திரேலியாவுக்குத் தச்சர்கள். அவர் தொழிலுக்கு ஏற்கெனவே எல்லா நாட்டிலும் உள்ளூர் ஆட்கள் இருந்தார்கள்.

மோண்டேவீடியோவில் கெட்ஸல் முதலில் தள்ளுவண்டியில் சோடா விற்றார், பிறகு துறைமுகத்துப் பக்கம் கடை பிடித்தார், பிறகு பச்சை நிறப் புட்டியில் அவர் பெயரையே அச்சடித்து ஊர் முழுக்க அனுப்பினார். ஒரு மகன் பிறந்தான், பிறகு ஒரு மகள். மகளுக்கு மூன்று பெயர் வைத்தார்கள், ட்வோரா, இத்தா, இன்னொன்று. கிண்டர்கார்ட்டனில் சேர்க்கும்போது இடம் போதவில்லை என்று ஆசிரியை சொன்னதற்கு, பக்கத்தை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று ஸ்லவா வீட்டிலிருந்து பசை கொண்டுபோனாள். கெட்ஸல் உள்ளூர் மக்களைப் போல மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு கால்பந்து பார்த்தார், தோற்றால் மூன்று மொழியில் திட்டினார். பெருத்தார். வாக்காளர் பட்டியலில் பெயர் வந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்று முழுக்கக் கதவைத் தாழ்ப்போட்டுக்கொண்டு படுத்திருந்தார். மறுநாள் எழுந்து வாக்களித்தார். தலை நரைத்தது, பிறகு அதுவும் போனது. பேரப்பிள்ளைகளுக்கு அவர் நூறு வயது இருப்பார் என்று எண்ணம், அவரும் மறுக்கவில்லை. அந்த உத்தரவு எந்த மேசையில் கிடக்கிறது என்று நாங்கள் சில சமயம் பேசிக்கொள்வோம். அலுவலகங்களுக்கு ஆயுள் கெட்டி என்று ஸ்லவா சொல்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் அவர்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் மணி அடித்தது. அதே மேல்கோட்டு, காலர் மட்டும் மாற்றித் தைத்திருந்தது. தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். ஸ்லவா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கையை நீட்டினாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்: நாடற்றவர் பயண ஆவணம், உருகுவே நுழைவு அனுமதி, அம்மை குத்திய சான்று, புதுப்பித்த உத்தரவு, அதன்மேல் நான்கு அலுவலகங்களின் முத்திரை. அவள் ஒவ்வொரு தாளையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஏதாவது ஒரு தேதி தப்பாக இருக்காதா என்று தேடினாள்.  எல்லாம் ஒழுங்காக இருந்தது.

கெட்ஸல் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், ஒரு வாரமாக அவருக்கு மூச்சுக் கோளாறு. "பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, கேப்போம்" என்றார்.

மரண தூதர் கதவருகில் நின்றபடி, தந்தை பெயரும் சேர்த்து, அவசரப்படாமல் கூப்பிட்டார். கெட்ஸல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு முறை என்றார். இன்னொரு முறையும் கூப்பிட்டார். எங்கள் ஆட்களில் வீடு தேடி வந்து, மணி அடித்துக் காத்திருந்து, இப்படிக் கூப்பிடப்பட்டவர் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து அந்த ஊரிலிருந்து அவர் ஒருவர்தான். கெட்ஸல் ஸ்லவாவின் கையைப் பிடித்து, "நல்லா சொல்றாரு, இல்ல?" என்றார். பிறகு, வருகிறேன் என்று மரண தூதரிடம் சொன்னார்; அத்தோடு மூச்சு நின்றது.

மரண தூதர் பையை மூடிக்கொண்டு திரும்பும்போது ஸ்லவா வாசலை மறித்து நின்றாள். கண்ணீர் முகவாயில் சொட்டிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றாள். "யாரு, என்னைக்கு, எங்க, யாரு கூட இருந்தா, எல்லாம் எழுதி, கீழ கையெழுத்து." மரண தூதர் அப்படி வழக்கம் இல்லை என்றார். அவள் நகரவில்லை. அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். மை காயும்வரை ஸ்லவா அதை ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு அவருக்கு வழிவிட்டாள், எனக்குத் தேநீர் ஆறிவிட்டது என்று வேறு கோப்பை ஊற்றினாள்.